ஸ்ட்ரெச்சர் அண்ணனும் இரண்டரைக் கிலோ ஆடும்

அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரை ஸ்ட்ரெச்சர் அண்ணன் தள்ளாத ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பிறந்தாலும் அன்றைக்கே தாயோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்.

எங்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. யாருக்கும் அது நினைவில்லை. வருடக்கணக்காக ஸ்ட்ரெச்சர் தள்ளியதில் அவர் கைக்கு ஒரு வித்தை வந்திருந்தது. வார்டுக்கு ஏறும் சரிவில் ஒருவரைத் தள்ளினால் போதும், எடையைச் சொல்லிவிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, சக்கரம் வைத்த நாற்காலியில் இருந்த என்னை மேசைப் பக்கம் நகர்த்திவிட்டு, "அம்பத்திமூணு. மடியில இருக்கிற சோத்து டப்பா தனி" என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நர்சிங் பட்டத்தை அடையாள அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். கோபம் வராதா? ஆள் இல்லாத நேரம் பார்த்து எடை மெஷினில் ஏறினேன். ஐம்பத்து மூன்று.

பிறகு இதயப் பிரிவுக்குத் தொலைக் கண்காணிப்பு வந்தது. நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்களுடைய நாடி, ரத்த அழுத்தம், எடை ஆகியவற்றை மட்டும் நாங்கள் வைத்துக்கொண்டோம். வீட்டில் கொடுத்திருக்கும் கருவியில் அவர்கள் ஏறி நின்றால் எங்கள் திரையில் எண் வரும். வார்டில் பாதிக் கட்டில் காலி. டாக்டர் நாற்காலியை விட்டு எழாமல் பந்தல்குடி, காரியாபட்டி என்று ரவுண்ட்ஸ் போனார். கேன்டீன்காரர் மட்டும், "திரையில இருக்கவுகளுக்கு இட்லி எறங்காதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தள்ள ஆளில்லாத அண்ணனை என் அறையில் போன் பேச உட்கார வைத்தார்கள். அவரோ ஸ்ட்ரெச்சரையும் கூடவே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். தினமும் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்.

நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பஞ்சவர்ணம் அக்கா என்று ஒரு நோயாளி. தனியாக இருந்து ஆடு வளர்ப்பவர். இதயம் பலவீனம், உடம்பில் நீர் கோத்தால் எடை ஏறும், ஏறினால் ஆபத்து. ஒரு நாள் ஐம்பத்தெட்டு திடீரென்று எழுபத்திரண்டு ஆனது. ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டுத்தான் போன் செய்தேன்.

"அக்கா, பதினாலு கிலோ கூடியிருக்கே?"

"அது நான் இல்ல தாயி, கெடா."

"எந்தக் கெடா?"

"வெள்ளாட்டுக் கெடாதான். தூக்கிக்கிட்டு ஏறி, என் எடையக் கழிச்சா அதோட எடை தெரிஞ்சிரும்ல? நாளைக்குச் சந்தை. யாவாரி எங்கிட்ட எடையில ஏய்க்க முடியாது."

ஆம்புலன்ஸ் பாதி வழியில் திரும்பியது. அதன் பிறகு ஆட்டோடு வரும் எண்களைத் தள்ளிவைக்கத் திரையில் ஒரு பொத்தான் வைத்தோம். 'தவறான பதிவு' என்பது அதன் பெயர். நாங்கள் 'ஆடு' என்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் எடை ஒன்றேகால் கிலோ கூடியிருந்தது. ஆடு என்று அழுத்தினேன். திங்கட்கிழமை இரண்டரை. மறுபடி விரல் நீட்டினேன்.

"நில்லு தாயி" என்றார் அண்ணன். "ரெண்டரைக் கிலோவுல எந்த ஆடு?"

"குட்டியா இருக்கும்ணே."

"நேத்துப் பொறந்த குட்டிய எவ சந்தைக்குக் கொண்டுபோவா? சந்தைக்கும் இன்னும் மூணு நாள் கெடக்கு. ஆடுன்னா ஒரேயடியா ஏறும். இப்படிக் கொஞ்சங் கொஞ்சமா ஏறுறது தண்ணி."

போன் செய்தேன். எடுத்தவருக்கு மூச்சு வாங்கியது.

"படுத்தா முட்டுது தாயி. ரெண்டு நாளா உக்காந்தேதான் தூங்குறேன்."

"ஏங்க்கா கூப்பிடல?"

"நீங்கதான் அங்கன இருந்து பாத்துக்கிட்டே இருக்கீகளே."

என் விரல் இன்னும் 'ஆடு' பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. அண்ணன் போனை வாங்கி, "ஒக்காந்தே இருங்க தாயி, வண்டி வருது" என்றார். டாக்டரிடம் சொல்லி ஆம்புலன்ஸ் கிளம்பியபோது, அதிலிருந்த புது ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டுத் தன்னுடையதை ஏற்றினார்.

அக்காவைச் சரிவில் தள்ளும்போதே, "அறுபத்தொண்ணு" என்றார். வார்டு மெஷினும் அதையேதான் சொன்னது. நான்காம் நாள் மருந்தில் நீர் வடிந்து அக்கா வீடு திரும்பினார். வாசல் வரை தள்ளிக்கொண்டு போன அண்ணன், "அம்பத்தெட்டு. கெடாவ எறக்கியாச்சு" என்றார். அக்கா சிரித்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அண்ணன் பின்னால் வந்து என் நாற்காலியை மேசைப் பக்கம் நகர்த்தினார். கொஞ்ச நேரம் பிடியை விடவில்லை.

"அம்பத்தொண்ணு" என்றார். "டப்பாவ எடு தாயி. நீ தின்னு முடிக்கிற வரைக்கும் திரைய நான் பாத்துக்கிறேன்."

நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை என்பது எங்கள் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.