ஏட்டையாவின் முதுகு வழக்கு

தென்காசி வட்டாரத்தில் ஏட்டையாவிடம் அகப்படாமல் தப்பித்த குற்றவாளி ஒரே ஒருவன்தான்: அவருடைய மேல்முதுகு வலிக்குக் காரணமானவன். அந்த முதுகெலும்பில் பிறகு விழுந்த விரிசலுக்குக் காரணமானவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நீங்கள் என்னோடு சேர்ந்து சிரித்துவிடுவீர்கள்.

குத்துக்கல்வலசையில் புதிதாக மனை பிரித்த தெருவில் அவர் எனக்கு அடுத்த வீடு. நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. அவருக்கு வலி வந்த இடம் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, சொந்தக் கை எட்டாத இடம். மற்றவர்களுக்கு வலி வந்தால் டாக்டரிடம் போவார்கள். ஏட்டையா விசாரணையைத் தொடங்கினார்.

முதலில் அகப்பட்டது தலையணை. தெருவில் வைத்தே அதன் வயிற்றைக் கிழித்தார். இலவம்பஞ்சு என் இட்லி மாவு வரைக்கும் பறந்து வந்தது.

"உள்ள பாருங்க சார், கட்டி கட்டியா இருக்கு. இவன்தான் ஆளு."

இரண்டு நாளில் தலையணை விடுதலையானது. அடுத்து ஸ்கூட்டர். ஹேண்டில் தாழ்வாக இருக்கிறது என்று குதிரையில் போகிறவர் மாதிரி விறைத்து உட்கார்ந்து ஓட்டினார். பிறகு ஒரே தோளில் மாட்டும் காய்கறிப் பை, தண்ணீர் வாளி, தலைக்கு நேரே சுற்றும் மின்விசிறி. ஒருநாள் என் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்தார்.

"சார், ஒங்க நாற்காலிய ஒரு வாரத்துக்கு நான் கொண்டுபோறேன்."

"எதுக்கு?"

"விசாரிக்கணும்."

நாற்காலி ஒரு கால் வளைந்து திரும்பி வந்தது. போலீஸ் விசாரணை அல்லவா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்றாட அறிக்கையைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் நான் செய்தித்தாளைப் பிரிப்பதற்குள் வந்துவிடுவார். மழை வரும் போலிருக்கிறது என்றால், "மழைக்கு முன்னால எனக்கு இங்கன இழுக்கும் சார்" என்பார். பேரனுக்கு மார்க் குறைந்துவிட்டது என்றால், "பய குனிஞ்சு உக்காந்து படிச்சிருப்பான். நாளைக்கு அவனுக்கும் முதுகு போயிரும்" என்பார். பூமியில் எந்த ஊரிலிருந்து பேச்சைத் தொடங்கினாலும் அவர் முதுகில்தான் வந்து இறங்கவேண்டும்.

டாக்டரைப் பாருங்கள் என்று பலமுறை சொன்னேன். "குற்றவாளி யாருன்னு தெரியாம டாக்டர்ட்ட போயி என்னத்தச் சொல்ல?" என்று கேட்டார். அவர் மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருந்ததால் அவரை அதட்டவும் ஆள் இல்லை. பகல் முழுக்கக் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, முதுகுவலிக்கு என்னென்ன காரணம் என்று போனில் தேடுவார். "போன்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுதான். நீங்க படிச்சவுக. நீங்க அனுப்புனா நம்பலாம்" என்றார் ஒருநாள்.

அந்த நம்பிக்கையைத்தான் நான் விளையாட்டுச் சாமானாக எடுத்துக்கொண்டேன்.

மருத்துவக் குறிப்பு மாதிரி நானே தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தேன். புளியறைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று முதுகில் பட்டால் தசை இறுகும் என்று முதல் குறிப்பு. மறுநாள் முதல் ஏட்டையா கிழக்கே போகும்போதெல்லாம் பின்னோக்கி நடந்தார். ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஓர் ஆட்டின் மேல் மோதி விழப்பார்த்தார். "ஏலே, ஆட்டக் கட்டிப்போடாம எங்கன போய்த் தொலஞ்சிய?" என்று அவர் தெருவையே அதட்டியதைக் கேட்டு, நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. "அந்த மனுசன் ஒங்கள வாத்தியாருன்னு நம்புதாரு. நீங்க பள்ளிக்கூடத்துப் பய மாதிரி பண்ணுதிய" என்றாள்.

அதற்குப் பிறகும் இன்னொன்று அனுப்பினேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. அருவித் தண்ணீர் மேல்முதுகில் இடைவிடாமல் விழுந்தால் நரம்பு முடிச்சு அவிழும் என்று எழுதினேன்.

சீசன் கூட்டத்தில் யாராலும் அருவிக்கு அடியில் அதிக நேரம் நிற்க முடியாது. பின்னால் வருகிறவர்கள் தள்ளிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் அனுப்பினேன். ஆனால் அன்றைக்கு அங்கே பந்தோபஸ்தில் இருந்தவர், ஒருகாலத்தில் ஏட்டையாவிடம் வேலை பழகியவர். "ஏட்டையா நிக்காருல்லா, தள்ளி நில்லுங்கலே!" என்று விசிலடித்துக் கூட்டத்தை விலக்கிவிட்டார். தண்ணீர் பலமாக விழும் இடத்தில் முதுகைக் காட்டியபடி ஏட்டையா தனியாக நின்றார். வலித்திருக்கிறது. முடிச்சு அவிழ்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசியில் அங்கேயே மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை உறவினர் என்று நினைத்துப் பேசினார். "வயசுக்கு எலும்பு மெலிஞ்சிருக்கு. அருவி அடிச்சதுல ஒரு எலும்பு நசுங்கி விரிசல் விட்டிருக்கு. முன்னாடி இருந்த வலி வேற. நாள் முழுக்கக் குனிஞ்சு போன் பாத்தாரா?"

பார்த்தார். நான் அனுப்பியவற்றையும் சேர்த்துப் பார்த்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏட்டையா கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தக் காத்து?"

"அதுவும் நான்தான்."

"நான் பின்னால நடந்ததப் பாத்திகளோ?"

"பார்த்தேன்."

"சரி, நீங்க போங்க சார்."

சத்தம் போட்டிருக்கலாம். அதற்கு நான் தயாராகப் போயிருந்தேன்.

என் குறிப்புகளை ஏட்டையா தெருவின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவைத்திருந்தார். அதே குழுவில், அவை எல்லாம் நான் இட்டுக்கட்டியவை, யாரும் நம்பவேண்டாம் என்று எழுதி மன்னிப்புக் கேட்டேன். மூன்று பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஒருவர், அந்தக் காற்றுக் குறிப்பை மட்டும் இன்னொரு முறை அனுப்பமுடியுமா, மச்சினருக்கு வேண்டும் என்று கேட்டார். ஏட்டையா குழுவை விட்டு விலகினார்.

வீட்டுக்கு வந்தவருக்கு நெஞ்சையும் தோள்களையும் சுற்றிக் கட்டும் பெல்ட் கொடுத்திருந்தார்கள். அதன் வார்களைப் பின்னாலிருந்து இன்னொருவர்தான் இழுத்து மாட்டவேண்டும். பெங்களூரிலிருந்து வந்த மனைவிக்கோ விரல்களில் வாதம். முதல்நாள் காலை என் வீட்டு வாசலில் ஏட்டையா வந்து நின்றார். வணக்கம் இல்லை, வலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரும்பி முதுகைக் காட்டினார். நான் மாட்டிவிட்டேன். போய்விட்டார்.

இப்படியே தினமும் நடந்தது. அவர் பேசாத அந்தக் காலைகளில் செய்தித்தாளை முழுதாகப் படிக்க முடிந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

இனி பெல்ட் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகப் போன வாரம் அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னார். இனி வரமாட்டார் என்று தெரிந்தும் மறுநாள் வாசலில் நின்றேன். வந்தார். உடம்பில் பெல்ட் இல்லை. வழக்கம்போலத் திரும்பி நின்றார்.

என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையை மெதுவாக அவர் முதுகில் வைத்தேன்.

"அங்கன இல்ல சார்" என்றார். "கொஞ்சம் மேல."