ப்ளெக்காவைக் கொண்டுவந்த டயர்

மேட்டுப்பண்ணை,
நவம்பர் பத்தொன்பது.

அக்குரேரியில் முப்பது வருடம் டயர்க்கடை நடத்தி ஓய்ந்த என் உடன்பிறந்த தம்பி ஓட்டூருக்கு, அக்கா குன்வோர் எழுதுவது. இங்கே நானும் நூற்றெண்பத்திரண்டு ஆடுகளும் நலம். மீன்பிடிக் கப்பலில் இருக்கும் மகன் கீஸ்லியும் நலம் என்று தொலைபேசியில் சொன்னான். உன் நலம் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன், உன் முட்டிவலி எப்படி? பதில் எழுத வேண்டியதில்லை. முப்பத்தேழு வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர உனக்கு நான் எதுவும் அனுப்பியதில்லை, அதிலும் அச்சடித்த வரிக்குக் கீழே என் பெயர் மட்டுந்தான். இப்போது என்ன வந்தது இவளுக்கு என்று நினைப்பாய். டயரைப் பற்றி எழுதுகிறேன். நல்ல டயர் எப்படி இருக்கும் என்று உனக்கும் யாராவது சொல்ல வேண்டாமா?

முதலில் பழைய கதையை முடித்துவிடுகிறேன். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, ஜனவரி முப்பத்தொன்று, சனிக்கிழமை, ஊர் மண்டபத்தில் நடுக்குளிர்கால விருந்து. என் மடியில் தட்டு, தட்டில் வாட்டி வேகவைத்த ஆட்டுத்தலை பன்னிரண்டு. ஜீப்பில் நீ மாட்டிவிட்ட புது டயர், மேலெல்லாம் பாளம் பாளமாக ரப்பர்க் கட்டை வைத்தது. "அத்தான், இது எந்தச் சேத்துலயும் ஏறும்" என்று என் வீட்டுக்காரர் ஹெல்கியிடம் சத்தியம் செய்தாய். ஏறும், சரி. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில் சேறு எங்கேயடா இருக்கிறது? ரப்பர் கல்லாகிவிட்டது. பாலத்து வளைவில் ஜீப் மூன்று சுற்றுச் சுற்றிப் பள்ளத்தில் இறங்கியது, பன்னிரண்டு தலையும் பனிச்சரிவில் உருண்டு ஆற்றுக்குப் போயின, அந்த வருடம் ஊரே பால்டூரின் அம்மா கொண்டுவந்த புளித்த ஈரல் தொத்திறைச்சியைத் தின்றுவிட்டு அவளைப் புகழ்ந்தது. அதைக்கூட மன்னித்திருப்பேன். மறுநாள் நீ வந்து டயரைக் காலால் உதைத்துவிட்டு, "டயர்ல ஒரு தப்பும் இல்லக்கா, ஓட்டினவருக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றாயே. ஓட்டினவர் ஹெல்கி. அவர் போய்ப் பதினோரு வருடமாகிறது, அந்தச் சொல் இன்னும் போகவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். என் முன்னோடி ஆடு ப்ளெக்காவை உனக்குத் தெரியாது, அதன் பாட்டிக்குப் பாட்டியைத் தெரியும், உன்னை முட்டிக் குளத்தில் தள்ளியது அதுதான். அதே புள்ளி, அதே கொம்பு, அதே கர்வம். பனி வரப்போவதை வானொலிக்கு முந்தி அறிந்து மந்தையை வீட்டுக்கு இழுத்து வரும் குலம். அந்தக் குலத்தில் மிச்சம் ப்ளெக்காவும் அதன் பெண்குட்டியும் மட்டுந்தான். செப்டம்பரில் மேய்ச்சல் மேட்டிலிருந்து எல்லோரும் ஆடுகளை ஓட்டி வந்தபோது இரண்டும் வரவில்லை. இரண்டாம் தேடலிலும் இல்லை. அக்டோபரில் பனி விழுந்து மேடு மூடிவிட்டது. போன வாரம் நரி வேட்டைக்காரர் ஒருவர், மேட்டின் மேலே பழைய ஆயர் குடிசை ஓரம் புள்ளி போட்ட கொம்பாடு ஒன்று நிற்கிறது என்றார். வெள்ளிக்கிழமை பெரும்புயல் என்று வானிலை அறிக்கை சொல்லிவிட்டது. அன்று புதன்.

கீஸ்லியின் மனைவி, என் மருமகள் ஸ்வாவா ஊர் நீச்சல்குளத்தில் சீட்டுக் கொடுப்பவள், தலைநகர் ரெய்க்யவிக்காரி, ஆட்டின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டவள். பல்வலி என்று போன மாதம் மூன்று தரம் அக்குரேரிக்குப் போனாள். மூன்றாம் தரம் திரும்பும்போது நம் ஜீப்பில் புது டயர் நாலு. முப்பத்தெட்டு அங்குலம். குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை முங்கியிருந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் அவளைக் கேலிக்குப் பிடித்துக்கொண்டார்கள். நான் மூலையில் இருந்தேன், ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. நம் மீட்புக்குழுத் தலைவன் பால்டூர், தொத்திறைச்சிக்காரி மகன்தான், சொன்னான்: "முப்பத்தெட்டா? என் பேத்தி சைக்கிளுக்குப் போடு. என்னுது நாப்பத்தாறு, தெரியுமில்ல?"

"நாப்பத்தாறு தூக்க உங்க வண்டிக்கு வலு வேணாமா?" என்றாள் ஸ்வாவா.

"மேட்டுக்குப் பெருசுதான் தாயி. பெரிய கட்டை, பெரிய பல்லு. பனியைக் கடிச்சிக் குதறணும்."

"குதறினா குழிதான் விழும். பனிமேல மெதந்து போகணும்."

தொட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் போய் டயரைப் பார்த்தேன். உறைகுளிரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். அழுந்தியது! இரவெல்லாம் வெளியே நின்ற ரப்பர், வெண்ணெய் இல்லை, பழைய பாலாடைக்கட்டி மாதிரி நெகிழ்ந்து கொடுத்தது. கட்டைக்குக் கட்டை பிளேடு போன்ற மெல்லிய கீறல், ஒன்றல்ல, நாலைந்து. "எதுக்கு இவ்வளவு கீறல், பழசா?" என்றேன். "அத்தை, ஒவ்வொரு கீறலும் ஒரு ஓரம். பனிக்கட்டில ஓரம்தான் பிடிக்கும். கட்டை பெருசா மழுமழுன்னு இருந்தா வழுக்கத்தான் செய்யும்" என்றாள். எந்திரம் போட்ட கீறல் இல்லை, கைவேலை. எல்லாம் ஒரே சீராக இடப்பக்கம் சாய்ந்திருந்தன. நம் அம்மாவின் தையலில்கூட நான் இத்தனை சீரைக் கண்டதில்லை. போட்டவன் யாரோ, அவன் கைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

வியாழன் காலை வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம், உதவிக்கு வந்த பால்டூர் தன் வண்டியில் முன்னே, ஸ்வாவா ஓட்ட நாங்கள் பின்னே. தார்ச்சாலை முடியும் இடத்தில் ஸ்வாவா இறங்கி டயர்க் காற்றைத் திறந்துவிட்டாள். உஸ்ஸென்று போனது போய்க்கொண்டே இருந்தது. அழுத்தம் இருபது பவுண்டு, பத்து, ஐந்து. "அடியே, டயரைக் கொன்னுடாதே!" என்றேன். "இன்னும் இறக்கணும் அத்தை, மூணு." டயர் கிழவியின் காலுறை நழுவி விழுந்தது போலத் தரையில் மடிந்து படிந்தது. பால்டூர் கண்ணாடியை இறக்கி, "பஞ்சர் ஒட்டிட்டு வாங்க பெரியம்மா, நான் ஆட்டோட வந்துடுறேன்" என்று சொல்லிப் போனான். அவன் பத்துக்குக் கீழே இறக்க மாட்டானாம், டயரின் அழகு கெட்டுவிடுமாம்.

அரை மணியில் அவனைப் பிடித்துவிட்டோம். பிடித்தோம் என்ன, அவன் எங்கேயும் போகவில்லை. நாற்பத்தாறு அங்குலமும் நாற்பத்தாறு அங்குலக் குழி தோண்டி அதற்குள் உட்கார்ந்திருந்தது. தம்பி, நாங்கள் அவனைச் சுற்றிப் போனோம் பார், அதை நீ பார்த்திருக்க வேண்டும். நடந்தால் இடுப்புவரை இறங்கும் பனி, அதன்மேல் இரண்டு டன் வண்டி பூனை மாதிரி போனது. மடிந்த டயர் நீளமாக, அகலமாக, உள்ளங்கையை விரித்த மாதிரி பனியைத் தொட்டது, அமுக்கவில்லை. எழுபத்தொன்பது வயதில் நான் கைதட்டினேன்.

குடிசை ஓரம் ப்ளெக்கா நின்றது. குட்டி அதன் வயிற்றடியில். முதுகில் ஒரு சாண் பனி. எங்களைப் பார்த்த பார்வை, இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று. நான் அழுதேன், ஸ்வாவாவும் அழுதாள், ஆடு அழவில்லை. பின்சீட்டில் ஏற்றியதும் இருக்கையுறையைத் தின்றது. திரும்பும்போது ஆற்றுப் பள்ளத்துக்கு மேலே, கண்ணாடிபோல் உறைந்த சரிவு. அதே பாலம், அதே வளைவு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்வாவா, "அத்தை, கண்ணைத் தொறங்க, தாண்டியாச்சு" என்றாள். கீறல்கள் கடித்துப் பிடித்திருந்தன. வழியில் பால்டூரையும் கயிறு போட்டு இழுத்துவிட்டோம். "வெந்நீர்த் தொட்டில இதைச் சொல்ல வேணாம் பெரியம்மா" என்றான். அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன்.

ஆகவே தம்பி, தெரிந்துகொள். குளிரில் விறைக்காத ரப்பர், நெருக்கமான கீறல், வண்டிக்குத் தகுந்த அளவு, காற்றை இறக்கினால் மடிகிற பக்கச்சுவர். முப்பது வருடம் கடை வைத்த உனக்குத் தெரியாதது நீச்சல்குளத்தில் சீட்டுக் கொடுக்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு, விருந்து நாளில் நான் குத்திக்கொள்ளும் என் வெள்ளி மார்ப்பூட்டைக் கொடுக்கப் போகிறேன். கர்த்தர் உன்னையும் உன் முட்டியையும் காக்கட்டும், உன் வாயை அவர் முன்பே காத்திருக்கலாம்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அக்கா,
குன்வோர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஸ்வாவா முகவரியைப் பார்த்துவிட்டாள். முகம் சுண்டைக்காயாய்ச் சுருங்கியது. "அத்தை, இதை அனுப்பாதீங்க. டயர் அவர் குடுத்தது. மூணு தரமும் அவர் வீட்டுக்குத்தான் போனேன். முட்டிக்குக் கீழ தலைகாணி போட்டு உக்காந்து நாலு டயரையும் அவரேதான் கீறினாரு. 'அக்காகிட்ட சொல்லிடாதே, சொன்னா மேட்டுக்கு நடந்தே போவா'ன்னாரு." மூன்று தரம் பல் பிடுங்கப் போனவள் வாயில் எல்லாப் பல்லும் இருந்ததை நான் கவனிக்கவில்லை பார். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எண்பத்தேழுல தப்பு டயர் மேலதான், ஹெல்கி மாமா மேல இல்லன்னும் சொன்னாரு. அதை உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரலியாம்."

இடப்பக்கம் சாய்ந்த கீறல். நீ இடக்கையால் எழுதுகிறாய் என்று அப்பாவிடம் கோள் சொல்லி உனக்கு அடி வாங்கித் தந்தவள் நான். ஊரில் எல்லோர் குற்றமும் நினைவிருக்கிறது, அது ஒன்று மறந்துவிட்டது. மேலே எழுதியதை அடிக்கவில்லை, தாள் வீண். நீயே அடித்துக்கொள். மார்ப்பூட்டு ஸ்வாவாவுக்குத்தான், ப்ளெக்காவின் குட்டிக்கு உன் பெயர் வைக்க முடியாது, அது பெண்.

ஜனவரிக் கடைசியில் விருந்து. நீ வந்து என்னை மண்டபத்துக்கு அழைத்துப் போ. வண்டியை நீதான் ஓட்ட வேண்டும். ஆட்டுத்தலை பன்னிரண்டும் இந்தத் தடவையும் என் மடியில்தான் இருக்கும்.