‘நான் பாத்துக்கறேன்’ வீரர்

வீரர்களில் பல வகை உண்டு. துப்பாக்கியை நம்புகிறவர், தோள்வலியை நம்புகிறவர், தக்க சமயத்தில் ஓடிவிடும் கால்களை நம்புகிறவர் என்று எத்தனையோ பேர். அவர்கள் யாரும் இன்று நமக்கு வேண்டாம். நான் சொல்ல வந்தது ‘நான் பாத்துக்கறேன்’ வீரரைப் பற்றி. புதிதாகப் பறக்கக் கற்றுக்கொண்டு, அதைவிடப் புதிதாக ஓர் உடுப்பும் தைத்துக்கொண்டு, ஊரைக் காப்பாற்றப் புறப்பட்டிருப்பவர். ஒரு கையால் லாரியைத் தூக்குவார். மறுகையில் இருக்கும் டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் மட்டும் கொடுக்கமாட்டார்.

உங்கள் ஊரில் இவர் எந்த வேஷத்தில் திரிகிறாரோ எனக்குத் தெரியாது. ஹோமா பே பக்கத்தில், விக்டோரியா ஏரிக்கரையில், நான் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் படகுத்துறையில், அவர் பெயர் எராஸ்டஸ் ஒபியெரோ. வயது இருபத்து நாலு. பலம் எப்படி வந்தது என்பதற்கு மூன்று கதைகள் உலவுகின்றன. அவற்றில் இரண்டை அவரே என்னிடம் சொன்னார். இரண்டிலும் இடி விழுகிறது. ஒன்றில் மரத்தின் மேல், மற்றதில் அவர் மேல். தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம் ‘ஏரிச் சிறுத்தை’. எங்கள் ஏரியில் நீர்யானை உண்டு, முதலை உண்டு, சிறுத்தை எப்போது வந்தது என்று கேட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வேறு கடையில் சார்ஜ் போட்டார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எப்படி? முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். ஒபியெரோவின் உடுப்பைத் தைத்தவர் எங்கள் துறையின் தையல்காரி ரோஸலிடா. ஜிப்பை எங்கே வைக்கட்டும் என்று அவள் கேட்டபோது, முன்னால் சிறுத்தைப் படம் வருவதால் பின்னால் வை என்று சொன்னவர் இவர்தான். முதுகு ஜிப்பைத் தன் கையாலேயே கழுத்துவரை இழுத்துவிடும் மனிதன் இன்னும் பிறக்கவில்லை. யாரையாவது இழுத்துவிடச் சொல்லலாம். சொல்வாரா? மாதக்கணக்காகப் பாதி திறந்த முதுகோடு பறந்தார். உள்ளே காற்றுப் புகுந்து, கீழே இருந்து பார்க்கிறவர்களுக்குச் சிறுத்தை உப்பிய தவளையாகத் தெரிந்தது.

வழியும் கேட்கமாட்டார். கெண்டு பே சாலையில் சேற்றில் பஸ் ஒன்று மாட்டிக்கொண்டது என்று கேள்விப்பட்டு ஒருநாள் காலை புறப்பட்டார். எந்த வளைவு என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. மலை ஒன்றைச் சுற்றி, பக்கத்து மாவட்டத்தைச் சுற்றி, மத்தியானம் வந்து சேர்ந்தபோது, பயணிகளே பஸ்ஸைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வந்ததற்காக, ஓரமாக நின்றிருந்த இன்னொரு பஸ்ஸைக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு வந்தார். அதன் டிரைவர் சாப்பிடப் போயிருந்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆபத்தில் இருக்கிறவர் அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல் போடுவார். காதில் விழுந்தவர் அடுப்பில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடவேண்டும். ஓடாத ஆளை மறுநாள் யாரும் திட்டமாட்டார்கள். அவர் கூவும் நாளில் அதை நினைவில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒபியெரோ வீரரான பிறகும் நாங்கள் வழக்கம்போலக் கயிறும் கழியுமாக ஓடினோம். ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களை வழிமறித்தார். ஒருமுறை, பாதி உகாலிக் களியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்த ஒகும்பேயிடம், "மாமா, நீங்க வீட்டுக்குப் போங்க, அடி கிடி பட்டுடும்," என்றார்.

ஒகும்பே எங்கள் துறையின் கமிட்டித் தலைவர். நாற்பது வருஷமாகப் படகோட்டுகிறவர். அன்று மாலையே கமிட்டியைக் கூட்டினார். தீர்மானம் ஒன்று எழுதப்பட்டது, முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது, கையெழுத்தானது: ஏரிச் சிறுத்தை நிற்கும் இடத்துக்கு, அவரே வாய்திறந்து கூவினாலொழிய, ஒருவரும் போகக்கூடாது. வழிமொழிந்தவன் நான். அதன் பிறகு கூவல் கேட்டால் எழுந்து நிற்போம், வானத்தில் அவர் தோளில் கட்டியிருக்கும் சிவப்பு அங்கவஸ்திரம் தெரிந்தால் உட்கார்ந்துவிடுவோம். டீயும், எண்ணெயில் பொரித்த மண்டாசியும் வரும். உதவி செய்யும் ஊராக இருந்த நாங்கள் நல்ல பார்வையாளர்களாக முன்னேறினோம்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம். எதிர்த் தீவிலிருந்து பத்தொன்பது பேரோடு ஒரு படகு வந்துகொண்டிருந்தது. துணிமூட்டையோடு ரோஸலிடாவும் அதில் இருந்தாள். காற்று திரும்பியது. காற்று திரும்பினால் வெங்காயத்தாமரை நகரும். மொத்த வளைகுடாவும் கண்ணெதிரே பச்சைப் புல்வெளியாக மூடிக்கொள்ளும். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் படகு அதில் சிக்கி நின்றது. பத்தொன்பது பேரும் கூவினார்கள். நாங்கள் எழுந்தோம். சிவப்புத் துணி தெரிந்தது. உட்கார்ந்தோம்.

அங்கே நடந்ததை ரோஸலிடா பிறகு சொன்னாள். கொடியும் வேரும் அடியில் பின்னிப் பிடித்திருக்கின்றன, முதலில் வெட்டவேண்டும், பிறகுதான் இழுக்கவேண்டும், கரையில் இருக்கிறவர்களைக் கூப்பிடு என்று அவள் சொல்லியிருக்கிறாள். வீரர் என்ன சொல்லியிருப்பார்? சொன்னார். சொல்லிவிட்டுப் படகின் மூக்கை இரண்டு கையாலும் பற்றி, பறந்தபடியே ஓர் இழுப்பு இழுத்தார். அவர் வந்தார். முன்பலகை அவரோடு வந்தது. படகு வரவில்லை.

தண்ணீர் உள்ளே புகுந்தது. பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு, அகப்பட்ட முதல் ஆளான பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் பறந்தார். நாங்கள் கைதட்டினோம். ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்து திறந்து மூடினார்; பேச்சு வரவில்லை. அடுத்து ஓர் அம்மாளைக் கொண்டுவந்தார், அவள் மயக்கத்தில் இருந்தாள். இன்னும் கைதட்டினோம். படகின் உள்ளே தண்ணீர் ஏறுவது கரையிலிருந்து தெரியாது. தெரிந்ததெல்லாம் பச்சையும் சிவப்பும்தான். புது வீரருக்குச் சுமையோடு இரண்டு நடைதான் தாங்கும், பிறகு சாப்பிட்டுப் படுக்கவேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் நடைக்குத் திரும்பிப் போனவர் படகுக்குப் பக்கத்தில் கொடிக்குள் இடுப்பளவு விழுந்தார். மிச்சம் பதினேழு பேர். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அந்தக் கொடிக்குள் நீந்தினவன் எவனும் கிடையாது. படகில் இருந்தவர்கள் மறுபடி கூவினார்கள். எங்களில் இரண்டு பேர் எழுந்தார்கள். அவன்தான் அங்கே இருக்கிறானே என்று ஒகும்பே சொன்னார்.

ரோஸலிடா படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "நாங்க கூவுனா வரமாட்டாங்க. நீ கூவுடா."

"நான் கூவக்கூடாதுக்கா. நான் கூவிட்டேன்னா, அப்புறம் என்னைய எவன் மதிப்பான்?"

"அப்புறம்னு ஒண்ணு இருந்தாத்தானே."

அவர் வாயைத் திறந்தாராம். முதலில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏதோ வந்ததாம். பிறகு வந்தது கூவல்.

அதை நான் கேட்டேன். என் கடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பதினொரு போன்களும் பலகையிலிருந்து விழுந்தன. நூறு ஆள் பலம் தொண்டையிலும் இருக்கும் என்று எவருக்குத் தோன்றியிருக்கும்? எங்கள் துறை மட்டுமல்ல, அந்தப் பக்கம் மூன்று துறைகளிலும் அடுப்புகளை அப்படியே விட்டுவிட்டு ஜனங்கள் ஓடிவந்தார்கள். ஒகும்பே முதல் ஆளாகத் தோணியைத் தள்ளினார். நான் கையிலிருந்த மண்டாசியைக் கீழே போட்டேன். இவ்வளவு நேரம் மென்றுகொண்டிருந்தேன் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

வெட்டுக்கத்தியால் கொடியை அறுத்து வழி செய்தவர்கள் முப்பது பேர். கரையிலிருந்து கயிறு இழுத்தவர்களை யாரும் எண்ணவில்லை. பெண்கள் மீன் அலசும் பேசின்களால் தண்ணீரை இறைத்தார்கள். ரோஸலிடா தான் தைத்த அங்கவஸ்திரத்தைத் தானே கிழித்து ஓட்டையில் திணித்து, இந்தத் துணிக்கு இப்போதுதான் ஒரு வேலை வந்தது என்றாள். அது போதவில்லை. ஏரிச் சிறுத்தையைப் படகுக்குள் இழுத்துப்போட்டு, ஓட்டையில் முதுகை அழுத்திக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார், ஒன்றே கால் மணி நேரம். திறந்த ஜிப்பு வழியாக ஏரி உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஒகும்பே அவர் தலைக்கு மேலாகப் பேசின் தண்ணீரை வெளியே வீசியபடி, "என்ன தம்பி, பாத்துக்கறியா?" என்று கேட்டார்.

"பாத்துக்கறேன் மாமா," என்றார் வீரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களும் பாத்துக்கங்க."

பதினேழு பேரும் கரை சேர்ந்தார்கள். தூக்கிப் பறந்தபோது கொடியில் விழுந்த ஒற்றைச் செருப்பைப் பற்றி ஹெட்மாஸ்டர் இன்றைக்கும் புகார் சொல்கிறார்.

மறுநாள் காலை ஒபியெரோ என் கடைக்கு வந்தார். போனைக் கொடுத்தார். போகவில்லை. திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்ன என்றேன். ஏரியைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் இழுத்து விடுங்கண்ணே," என்றார். உலகத்தைத் தூக்குகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு கனம் என்று அவர் தோள் ஆடியதில் தெரிந்தது. ஜிப்பைப் பிடித்தேன்.

அது ஏரித் தண்ணீரில் ஊறி, பாதியில் கடித்துக்கொண்டு நின்றது. இழுத்தேன், ஆட்டினேன், மெழுகு தேய்த்தேன். அந்த வழியாக வந்த ஒகும்பே நின்று பார்த்துவிட்டு, துணியை ஒரு பக்கம் பிடிக்கட்டுமா என்று கேட்டார். என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது:

"வேண்டாம் மாமா, நான் பாத்துக்கறேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் பீரோவைத் தனியாக நகர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர் யார்? இரண்டு கையிலும் பை, வாயில் வீட்டுச் சாவி, இருந்தும் கதவைத் திறந்துவிட வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் தலையாட்டி மறுத்தவர் யார்? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எதற்கும் கையைப் பின்னால் கொண்டுபோய் நடுமுதுகைத் தொட்டுப் பாருங்கள், ஜிப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று. எட்டவில்லையா? பக்கத்தில் யாராவது இருப்பார்கள், கேளுங்கள்.

கேட்கமாட்டீர்கள்.