வித்து முசே போட்ட விளக்கு

பூமி சுற்றுகிற வேகம் போதாது என்று மனப்பூர்வமாக வருத்தப்பட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் வித்து முசேதான். சிவப்பு சிக்னலில் கார் நின்றால் புதுச்சேரிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். இவர் இறங்கிப் போய்க் கம்பத்தைத் தட்டிப் பார்ப்பார்.

முத்தியால்பேட்டையில் எனக்கு எதிர்வீடு. பிரெஞ்சு ராணுவத்தின் வண்டிப் பட்டறையில் காலம் தள்ளிவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பிரெஞ்சில் 'முசே' என்றால் ஐயா; 'வித், வித்' என்றால் 'சீக்கிரம், சீக்கிரம்'. பால்காரரை, சிலிண்டர் கொண்டுவருகிறவரை, தேங்காய் பறிக்க ஏறியவரை எல்லாம் அவர் அப்படித்தான் விரட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட, பின்வரிசையிலிருந்து 'வித்' என்று ஒரு குரல் கேட்டதாகவும், சாமியார் உடனே ஆமென் சொல்லிவிட்டதாகவும் பேச்சு உண்டு. பெயரை மட்டும் கேள்விப்பட்டுக் கத்திரி விதை வாங்க வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவருடைய மனைவி லூர்து டீச்சர் இதற்கு நேர் எதிர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முசே கத்தக் கத்த, டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைப்பார். வீட்டுக் கார் டீச்சருடையது. ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குகிற காலத்து வெள்ளைக் கார். ஓட்டுவதும் அவர்தான். சாவியை முசே கையில் கொடுப்பதில்லை என்பது அந்த வீட்டின் எழுதப்படாத சட்டம்.

டீச்சரின் அக்கா ரெட்டியார்பாளையத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். தினமும் மத்தியானம் டீச்சர் காரில் போய், அவருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, பழைய கதையெல்லாம் பேசிவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் திரும்புவார். அந்த நேரம் பொல்லாதது. முழு வெளிச்சமும் இல்லை, முழு இருட்டும் இல்லை. டீச்சருக்கு ஹெட்லைட் போடும் ஞாபகமே வராது.

ஒருநாள் முசேயும் கூடப் போயிருந்தார். திரும்பும் வழியில், நெல்லித்தோப்பில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டார். டீச்சர் பிரேக் அடிக்க, அவர் பயத்தில் கீரைக்கட்டோடு கீழே விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "லைட்டு போட மாட்டியாம்மா? கார் வர்றதே தெர்ல!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முசேதான் விடவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகும் தொடர்ந்த அந்தச் சண்டை எதிர்வீட்டிலிருந்த எனக்கு முழுசாகக் கேட்டது.

"தெரு லைட்டு எரியுது. எனக்கு எல்லாம் நல்லாத்தாங்க தெரியுது," என்றார் டீச்சர்.

"ஒனக்குத் தெரியுது லூர்து! நீ வர்றது அவனுக்குத் தெரிய வேணாமா?"

புதுக் கார்களில் இருட்டினால் விளக்கு தானாகவே எரிகிறது. புதுக் கார் வாங்க டீச்சர் சம்மதிக்கவில்லை. இந்தக் காருக்கே அந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பது என்று முசே முடிவு செய்தார். சென்சார் ஒன்றை வரவழைத்தார். பயறளவு இருக்கும். வெளிச்சம் குறைந்தால் அது உணர்ந்து சொல்ல, ரிலே என்கிற சின்னப் பெட்டி விளக்கைப் போட்டுவிடும். எப்படிப் பொருத்துவது என்று விவரமாக எழுதிய தாளும் கூட வந்தது. அதைப் படிக்கிற பொறுமை இருந்தால் அவர் வித்து முசேயாக இருப்பாரா? தாளை நான்காக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினார்.

ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டார். காரை ஷெட்டில் விட்டுக் கதவைச் சாத்தியதும் உள்ளே இருட்டு. இருட்டானதும் விளக்கு எரிந்திருக்கிறது. சாத்திய கதவுக்குள் யாருக்குத் தெரியும்? மறுநாள் மத்தியானம் சாவியைத் திருப்பினால் கார் மூச்சு விடவில்லை. தெருவே தள்ளியது. "வித்! வித்!" என்று முன்னால் ஓடிய முசே மட்டும் கை வைக்கவில்லை.

சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒயரை மாற்றினார். "தம்பி, வாங்க, ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடலாம்," என்று என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். டீச்சர் ஓட்ட, மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் நுழைந்தோம். நிழல் வந்தால் விளக்கு எரிந்தது, வெயில் வந்தால் அணைந்தது. நிழல், வெயில், நிழல், வெயில். எதிரே வந்த பஸ்காரருக்கு இது எப்படித் தெரியும்? நம் ஊரில் விளக்கை விட்டுவிட்டுப் போட்டால் 'நான் வரப்போறேன், நீ ஒதுங்கு' என்று அர்த்தம். பஸ்ஸின் முகத்துக்கு நேரே ஒரு குட்டிக் கார் ஓயாமல் அப்படி மிரட்டிக்கொண்டு வருகிறது. அவர் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா, ரோடு ஒங்க அப்பன் வூட்டுதா?"

"நான் இல்லப்பா, மரம்!" என்றார் டீச்சர். எனக்குத் தெரிந்து அவர் குரலை உயர்த்தியது அன்றுதான்.

நிழல் கொஞ்ச நேரம் நீடித்தால்தான் எரிய வேண்டும் என்று அதையும் சரிசெய்தார். அடுத்த வாரம் டீச்சர் ஜெபமாலைப் பையைத் தெரியாமல் டாஷ்போர்டில் இருந்த சென்சார் மேலேயே வைத்துவிட்டார். பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில், ஹெட்லைட் பளீரென்று எரிய கார் ஊர்வலம் போனது. கார்க்காரர், ஸ்கூட்டர்க்காரர், இளநீர் வெட்டுகிறவர் என்று ஊரே விரல்களைக் குவித்துக் குவித்து விரித்து, விளக்கு எரிகிறது என்று ஜாடை காட்டியது. தன்னிடம் படித்தவர்கள்தான் மரியாதையாகக் கை ஆட்டுகிறார்கள் என்று நினைத்து டீச்சரும் ரெட்டியார்பாளையம் வரை கை ஆட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

இதையெல்லாம் டீச்சர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. விளக்கு எரிந்தால் அது ஓட்டுகிறவருக்கும் தெரிய வேண்டும் என்று, முசே தன் குரலையே பதிவு செய்து ஒரு டப்பாவில் அடைத்து டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டினார். பூசை முடிந்து கூட்டம் வெளியே வருகிற நேரம். டீச்சர் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். கோபுர நிழல் கார் மேல் விழுந்திருந்தது. "லைட்டு லூர்து! வித்! வித்!" என்று கார் அலறியது. கோயில் வாசலே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் சாவியை ஆணியில் மாட்டினார்.

"வகுப்புல அத்தன பிள்ளைங்கள அதட்டுனவ நான். என்ன ஒரு டப்பா அதட்டுது. இனிமே நான் கார் தொடமாட்டேன்."

சொன்னபடியே மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனார். அக்காவுக்குக் கஞ்சி பிந்தியது. டீச்சருக்கு முழங்கால் வீங்கியது. முசே அன்றைக்கே டப்பாவைப் பிடுங்கி எறிந்தார், மன்னிப்புக் கேட்டார், பிரெஞ்சிலும் கேட்டார். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

முசே நிலைகொள்ளாமல் போனது அப்போதுதான். பொழுது சாயத் தொடங்கினால் தெருமுனைக்குப் போய்விடுவார். வருகிற ஆட்டோவையெல்லாம் மறிப்பார். "லைட்டு எங்கய்யா? போடு! உள்ள ஆளு ஒக்காந்திருக்கில்ல?" அந்த ஆட்டோவில் டீச்சர் இருக்கிறாரா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டார். எந்த ஆட்டோவில் வருவார் என்று தெரியாததால் எல்லா ஆட்டோவையும் திருத்திவிடுவது என்று இறங்கிவிட்டார். ஒருவருடைய ஹெட்லைட் மூடியைக் கழற்றி பல்பை அங்கேயே மாற்றிக்கூடக் கொடுத்தார். பயணிகள் உள்ளே காத்திருந்தார்கள்.

கடைசியில் ஆட்டோக்காரர் ஒருவர் டீச்சரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். நீங்க கார்லயே போய்ட்டு வாங்க. ஒங்க வூட்டுக்காரரு தொல்ல தாங்கல. ஒங்க தெருன்னாலே யாரும் வர மாட்டேங்கிறாங்க."

டீச்சர் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தார். முசே கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, வேர்த்து வழிய, இன்னொரு ஆட்டோவின் முன்னால் குனிந்துகொண்டிருந்தார். டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கே நடந்தார். நானும் வாசலுக்கு வந்துவிட்டேன்.

"என்னாங்க பண்றீங்க?"

அவர் நிமிர்ந்தார். "நீ இதுல வரலியா?"

"நான் அப்பவே வந்துட்டேன்."

"அப்படியா," என்றவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொழுது போனா எனக்கு இருப்புக் கொள்ளல லூர்து. அந்த சைக்கிள்காரன் இடத்துல ஒரு லாரி வந்திருந்தா?"

டீச்சர் அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டார். பிறகு, "சென்சார் இருக்கட்டும். டப்பா கூடாது. வேணாம்னா அணைக்கிறதுக்கு என் கைக்கு எட்ற மாதிரி ஒரு சுவிட்சு வேணும். கூட வர்றதா இருந்தா நீங்க பின்சீட்டு," என்றார்.

"தக்கோர்!" என்றார் முசே. சம்மதம் என்று அர்த்தம். முதல் தடவையாக அந்த விவரத் தாளை மேஜைக் காலடியிலிருந்து எடுத்துப் படித்து, சென்சாரை முன்கண்ணாடிக்கு உள்பக்கம் உயரமாக ஒட்டினார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அக்காவைப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. வானம் கறுத்து, எதிரே எதுவும் தெரியவில்லை. யாரும் எதையும் தொடவில்லை, விளக்கு எரிந்தது. ரோட்டோரத்தில், முந்தானையால் குழந்தையைப் போர்த்திக்கொண்டு கடக்க இறங்கிய ஒரு பெண் வெளிச்சத்தைப் பார்த்துக் காலைப் பின்னால் வைத்தாள். கார் அவளைத் தாண்டியது.

"பாத்துட்டா," என்றார் டீச்சர் மெதுவாக.

பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த முசே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழி முழுக்க ஒரு 'வித்'கூட வரவில்லை.

இப்போதும் தினமும் போய் வருகிறார்கள். பொழுது சாயும் நேரம் நானும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். எரியும் இரண்டு விளக்குகள் தெருமுனையில் திரும்பி, முன்சீட்டில் ஒரு தலையும் பின்சீட்டில் ஒரு தலையும் தெரிந்த பிறகுதான் எனக்கு உள்ளே போக மனம் வருகிறது.