சிம்லாவில் நின்ற கைலி

கைலிக் கதையைக் கபீர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“சிம்லாவுல ராத்திரி காயப்போட்ட கைலி காலையில பலகையாயிடும் மாமா. எடுத்துச் சுவத்துல சாத்தி வெச்சா ஆளு மாதிரி நிக்கும். நானே ஒரு தடவை ‘யாரது’ன்னு கேட்டிருக்கேன்னா பார்த்துக்கோங்க!”

மாமியார் ஜொஹரா பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் சிகாபுதீன் குடித்துக்கொண்டிருந்த சாயாவை அப்படியே கீழே வைத்தார். கதவுக்குப் பின்னால் நின்ற ரம்லத் மட்டும் அந்தச் சாயாவையே பார்த்தாள். வாப்பா சாயாவைப் பாதியில் வைத்தால் அதற்குப் பிறகு நல்ல செய்தி வந்ததில்லை.

“கைலியே விறைச்சுப் போற ஊருக்கா என் மோளை அனுப்பறது?” என்றார் சிகாபுதீன்.

“ஐயோ, அது வந்து... மனுஷங்க விறைக்க மாட்டாங்க மாமா.”

“கைலிக்குள்ள இருக்கறது மனுஷன்தானே மாப்பிள்ளை?”

சிகாபுதீன் எழுந்து கீழே கடைக்குப் போய்விட்டார்.

மட்டாஞ்சேரி பஜாரில் சிகாபுதீனுக்குச் சுக்கு வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. ஒரே மகள் ரம்லத். மாப்பிள்ளை கபீருக்கு மூன்று வருஷமாகச் சிம்லாவில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. ‘பெரிய ஹோட்டல்ல பெரிய வேலை’ என்று தரகர் சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு லீவு தீர்ந்துபோய்க் கிளம்பிப் போனவன், ஒன்றரை வருஷம் கழித்து இந்த 1961 ஏப்ரலில், பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். சனிக்கிழமை ஹார்பர் டெர்மினஸில் ரயில். ரம்லத் பெட்டியைக்கூட அடுக்கிவிட்டாள். புருஷன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசிய நாட்களைவிட அவன் போட்டோவைப் பார்த்துப் பேசிய நாட்கள்தான் அவளுக்கு அதிகம்.

அந்தப் பெட்டிமேல் இப்போது ஒரு கைலி வந்து நின்றுகொண்டது.

“நீங்க எதுக்கு அதைச் சொன்னீங்க?” என்று ரம்லத் கபீரைத் தனியே பிடித்துக் கேட்டாள்.

“வெளியூர்க்காரன் ஏதாவது சொல்லணுமில்லே? எல்லாரும் வாயைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க” என்றான் கபீர், ஒடிகொலோன் தெளித்த கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. “ஹோ, எந்தொரு சூடு! எப்படித்தான் இந்த ஊர்ல மனுஷன் இருக்கான்?”

அவன் பிறந்து வளர்ந்தது தோப்பும்படியில். அங்கிருந்து இங்கே நடந்தே வந்துவிடலாம்.

ரம்லத் யோசித்தாள். வாப்பாவுக்குப் பயம் தணுப்பு, அந்த ஊர்க் குளிர். தணுப்புக்கு மருந்து கம்பளி. ஆனால் மட்டாஞ்சேரியில் கம்பளிக்கு எங்கே போவது? எதிர்வீட்டுக் குஜராத்தி சேட்டம்மா நினைவுக்கு வந்தாள். கட்ச் பக்கத்துக்காரி, அங்கே குளிர்காலத்தில் ஒட்டகம்கூட நடுங்கும் என்று சொல்லுவாள். கேட்டதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நாப்தலின் உருண்டைகளை உதறிவிட்டு, சேட்டின் நீளக் கோட்டையும் மப்ளரையும் குரங்குக் குல்லாவையும் கொடுத்தாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ரம்லத் அத்தனையையும் மாட்டிக்கொண்டு படியிறங்கிக் கடைக்குள் போனாள். சிகாபுதீன் எர்ணாகுளத்து வியாபாரி ஒருவரிடம் சுக்கை ஒடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வந்த உருவத்தைப் பார்த்து வியாபாரி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“வாப்பா, பாருங்க. இனி தணுப்பு எந்த வழியா உள்ளே வரும்?” என்றது குல்லா.

“யாரு, ரம்லத்தா?”

“ஆமா வாப்பா. நல்ல சு...” சுகம் என்று சொல்ல வந்தவள், முடிக்காமல் சுக்கு மூட்டைமேல் சாய்ந்துவிட்டாள்.

தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் கழுத்திலிருந்து முதுகு வரை வேர்க்குரு அரும்பிவிட்டது.

“போதுமா?” என்றார் சிகாபுதீன். “கம்பளி போட்டா இப்படி. போடலேன்னா கைலி மாதிரி. ரெண்டும் வேண்டாம்.”

ரம்லத் விடவில்லை. “எனக்குத் தணுப்பு தாங்கும்னு நான் காட்டினா அனுப்புவீங்களா?”

“எப்படிக் காட்டுவே?”

“மாமா வேலை பார்க்கற ஐஸ் பாக்டரியில.”

ஜொஹரா பீவியின் தம்பிக்குத் தோப்பும்படியில் செம்மீனுக்கு ஐஸ் போடுகிற பாக்டரியில் மேஸ்திரி வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பாக்டரி ஆளில்லாமல் கிடக்கும் என்றார் அவர். ரம்லத் ஐஸ் அறைக்குள் உட்காருவது, சிகாபுதீன் வெளியே காத்திருப்பது என்று முடிவாயிற்று. ஆனால் வெள்ளிக்கிழமைவரை பொறுக்க யாருக்கும் மனசில்லை. திங்கட்கிழமையே போய்விட்டார்கள்.

“நானும் உள்ளே போறேன்” என்று கபீர் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “அவளுக்குத் துணையா. எனக்கு இதெல்லாம் நம்ம வீட்டு அடுக்களை மாதிரி.”

தடித்த கதவு சாத்தப்பட்டது. சிகாபுதீன் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். அதை மடித்து வாயில் வைப்பதற்குள், உள்ளேயிருந்து கதவை யாரோ தடதடவென்று இடித்தார்கள்.

கபீர்தான் வெளியே வந்தான். உதடு நாவல்பழ நிறம். பல்லும் பல்லும் தந்தி அடித்துக்கொண்டிருந்தன. ஜொஹரா பீவியின் தம்பி ஒரு சாக்கை எடுத்து அவன் தோளில் போர்த்தினார். உள்ளே எட்டிப் பார்த்தால், ஐஸ் பாளத்தின் ஓரத்தில் ரம்லத் மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வேர்க்குருவுக்கு அவ்வளவு சுகமான இடம் அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

“போதுமா வாப்பா? இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?”

சிகாபுதீன் மகளைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு வருஷம் பழகின ஆளுக்கே இந்தக் கதின்னா...”

“இ... இது மெஷின் தணுப்பு மாமா” என்றான் கபீர் சாக்குக்குள்ளிருந்து. “சிம்லாவுல இருக்கறது அசல் தணுப்பு.”

“இதைவிட அசலா? அப்போ கட்டாயம் வேண்டாம்.”

வீடு திரும்புகிற வழியெல்லாம் சிகாபுதீன் கணக்குப் போட்டபடி வந்தார். படியேறும்போது தீர்ப்பும் வந்துவிட்டது. மாப்பிள்ளை சிம்லாவுக்குப் போகவே வேண்டாம். ஹோட்டலுக்கு ஒரு கடுதாசு எழுதிப்போட்டுவிட்டு இங்கேயே கடையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கபீர் பதறிவிட்டான். வேலையை விட அவனுக்கு மனசில்லை; அதைச் சொல்லவும் தைரியமில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான். “மாமா, எனக்கு இந்தச் சூடு ஆகாது. மூணு வருஷத்துல உடம்பே மாறிப்போச்சு. இங்கே ஒரு மாசம் இருந்தா நான் மௌத்தாயிடுவேன்!”

ஜொஹரா பீவி நல்லவள். மாப்பிள்ளை செத்துப்போவேன் என்றால் அதை அப்படியே நம்புகிற நல்லவள். “சூடுதானே மோனே பிரச்சனை? வீட்டைத் தணுப்பாக்கிட்டாப் போச்சு. வடக்கே சூட்டுக்கு என்ன செய்வாங்க?”

கபீர் தப்பிக்க நினைத்துச் சொன்னான். “டெல்லியில வெட்டிவேர்த் தட்டி பின்னி, ஜன்னல்ல கட்டி, தண்ணி ஊத்திட்டே இருப்பாங்க. உள்ளே சொர்க்கம். ஆனா அதெல்லாம் இங்கே கிடைக்காது மாமி.”

கிடைத்தது. மறுநாள் பஜாரின் மருந்துக் கடைகளில் இருந்த வெட்டிவேர் முழுவதும் சிகாபுதீன் வீட்டு ஜன்னல்களில் தொங்கியது. ஜொஹரா பீவி குடம் குடமாக ஊற்றினாள். ரம்லத்தும் ஊற்றினாள், ஊற்றும்போதெல்லாம் தன் ரயிலின்மேல் தானே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது.

டெல்லிக் காற்று வறண்ட காற்று. ஈரத்தைக் குடித்துவிட்டுக் குளிர்ச்சியைக் கொடுக்கும். மட்டாஞ்சேரிக் காற்று காயலில் வயிறுமுட்டக் குடித்துவிட்டுக் கரையேறுகிற காற்று. அதற்கு இன்னும் தண்ணீர் கொடுத்தால் என்ன செய்யும்? வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. புதன்கிழமை பப்படம் துணி மாதிரி மடிந்தது. தீக்குச்சி பற்றவில்லை. உப்பு ஜாடியில் உப்பைக் காணோம், தண்ணீர்தான் இருந்தது. கபீருக்கு வேர்வை காதுவழியாக வழிந்தது.

“எப்படி மோனே, சொர்க்கமா இருக்கா?”

“இருக்கு மாமி” என்றான் கபீர் பரிதாபமாக.

“இன்னும் போதாதோ?” என்று அவன் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஜொஹரா பீவி, தம்பிக்குச் சொல்லியனுப்பி ஐஸ் பாளங்களை வரவழைத்தாள். செம்மீனுக்குப் போட்ட ஐஸ். மாடிக் கூடத்தின் நடுவே வாளிகளில் வைத்தார்கள். பஜார்ப் பூனைகள் ஒன்றுவிடாமல் படியேறி வந்து வாளிகளைச் சுற்றி உட்கார்ந்தன. பூனைகளை விரட்டப் போன கபீர் ஒரு வாளியில் இடறினான். அது அடுத்ததைத் தள்ளியது. பலகைத் தரையின் இடுக்குகளில் தண்ணீர் இறங்கியது.

கீழே இருந்தது சுக்கு.

சிகாபுதீன் நனைந்த மூட்டை ஒன்றை அவிழ்த்து, ஒரு சுக்கை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. மேலே வந்தார்.

“மாப்பிள்ளை இங்கேயும் இருக்க வேண்டாம். சனிக்கிழமை கிளம்பிப் போகட்டும். தனியா. ரம்லத் இங்கேயே இருப்பா.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் நனைந்த சுக்கைப் பாயில் பரப்பிக் கொண்டிருந்தார்கள் ரம்லத்தும் கபீரும். வல்லார்பாடத்துப் பக்கம் படகு ஒன்று பாய் இறக்கிக் கொண்டிருந்தது. ரம்லத் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் அழுகிறாளா, சுக்கு நெடியா என்று கபீருக்குத் தெரியவில்லை.

“நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்” என்றான்.

“இருந்திருக்கணும்.”

“கோபமா?”

“கோபம் இல்லே. கல்யாணமாகி ரெண்டு நோன்புப் பெருநாள் போச்சு. பக்கத்து வீட்டு சகீலா புருஷன்கூட தினமும் சண்டை போடறா. எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லே.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “உறைஞ்சு போனா உங்க பக்கத்துல உறைஞ்சு நிக்கறேன். அதுகூடத் தர மாட்டேங்கறாங்க.”

கபீர் கையிலிருந்த சுக்கைக் கீழே போட்டான். “ரம்லத், ஒரு காரியம் சொல்லணும். தரகர் என்னைப் பத்திப் பெருசா சொல்லிட்டாரு. நானும் திருத்தலே. உண்மையில அங்கே நான்...”

“மோளே! மழைக்கோள் தெரியுது, வேகம் வாரி எடு!” என்று கீழேயிருந்து ஜொஹரா பீவி கத்தினாள். சுக்கை வாரி முடித்தபோது மழையும் வரவில்லை, கபீருக்குத் தைரியமும் திரும்ப வரவில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் ரிக்‌ஷா நின்றது. ஒரு பெட்டிதான் இறங்கி வந்தது. கபீர் ரிக்‌ஷாவைப் பார்ப்பதும் மாடியைப் பார்ப்பதுமாக நின்றான். அப்போது தோளில் ஒரு தகர டின்னோடு நெட்டையாக ஒருவன் சந்துக்குள் நுழைந்தான்.

“ஏ கபீரே! நேரமாகலியா? வண்டி உனக்காக நிக்குமா?”

சுள்ளிக்கல் ஷௌகத் அலி. கபீரோடு அதே ஹோட்டலில் வேலை செய்கிறவன், லீவுக்கு வந்து அதே ரயிலில் திரும்புகிறவன். கபீர் அவனைப் பார்த்ததும் வாசலைக் கடந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்து, “வா, போற வழியில பேசலாம்” என்று இழுத்தான்.

“இருங்க மாப்பிள்ளை. வந்தவர் ஒரு சாயா குடிக்கட்டும்” என்றார் சிகாபுதீன். “தம்பியும் அந்தத் தணுப்புலதானா?”

“அதை ஏன் கேக்கறீங்க மாமா! நான் ஹோட்டல் வாசல்ல கதவு திறக்கற ஆளு. டிசம்பர்ல காலே இருக்கான்னு தெரியாது. குனிஞ்சு பார்த்து நிச்சயப்படுத்திக்கணும்.”

“கேட்டியா மோளே?” சிகாபுதீன் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். படியின் வளைவில் ரம்லத் தலையில் போட்ட தட்டம் மட்டும் தெரிந்தது. “வாப்பா சொன்னா துஷ்டன்னு நினைப்பே. இந்த ஊருக்கா நீ பெட்டி அடுக்கினே?”

ஷௌகத் அலிக்கு அப்போதுதான் விளங்கியது. ஒற்றைப் பெட்டியையும் நண்பனையும் மாறி மாறிப் பார்த்தான். “என்ன, நம்ம பெங்ஙள், ரம்லத் வரலியா? இவன் வந்ததே அதுக்குத்தானே!”

“என் மோளைப் பனியில விறைக்க அனுப்ப எனக்கு மனசில்லே தம்பி” என்றார் சிகாபுதீன்.

கபீர் அவருக்குப் பின்னால் நின்று உதட்டில் விரலை வைத்தான், கண்ணைச் சிமிட்டினான், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தான். ஷௌகத் அலி அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

“இவன்கூட இருந்தா பனியா? மாமா, இவன் அங்கே ரொட்டி மேஸ்திரி, ராப்பகல் அணையாத பெரிய அடுப்புக்கு நேர் மேலே இருக்கற அறையிலதான் இவனுக்குத் தாமசமும் தூக்கமும், நாங்க எல்லாரும் உயிர் பிழைச்சுக் கிடக்கறதே அங்கே போய்க் குளிர்காய்ஞ்சுதான்; பெங்ஙளைத் தைரியமா அனுப்புங்க, கையில மறக்காம ஒரு விசிறியைக் கொடுத்துவிடுங்க!”