போதும் என்று சொல்லும் இடம்

அன்பு அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், நீ வழக்கம்போல் யாரையாவது கடிந்துகொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்றும் நம்புகிறேன். என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. மூளையில்தான் சின்னக் கோளாறு.

பதறாதே, முழுக்கப் படி. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் நான் தெருமுனை தாண்டுவதில்லை. பூட்டினோமா என்று சந்தேகம் வரும், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன், பூட்டித்தான் இருக்கும், மறுபடி தெருமுனை, மறுபடி சந்தேகம். உள்ளே இருந்தாலும் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மாடிவீட்டுத் தையல்காரர் நல்ல மனுஷன் என்று, வெளியே போனால் அவருக்குப் போன் போட்டுப் பூட்டைப் பார்க்கச் சொன்னேன். பூட்டியிருக்கிறது என்றார். என் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறாரோ என்று தோன்றவே, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அது நேற்று எடுத்த போட்டோவாக இருந்தால்? அன்றைய செய்தித்தாளைப் பூட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எடுக்கச் சொன்னேன். அதையும் செய்தார் பாவம். மறுவாரம், குடும்பத்தோடு வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டார். தையல் மிஷின் மட்டும் போகவில்லை போலிருக்கிறது, பகலெல்லாம் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. நானும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பால் வாங்கக்கூடப் போக முடியாமல் வெறும் டீயில் காலம் ஓட்டிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். காலையில் கொடுத்த நேரத்துக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஏன் இவ்வளவு தாமதம் என்றார்கள். அதற்குத்தான் வைத்தியம் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன்.

டாக்டர் நம் பிள்ளைகள் வயதுப் பெண். பிடிவாதம், வேலைவெட்டி இல்லாத குறை என்று எல்லாரும் சொன்னதை அவர் சொல்லவில்லை. மூளையின் முன்பக்கம் ‘எங்கேயோ தப்பு’ என்று மணி அடிக்கும் இடம் ஒன்று உண்டாம். ஆழத்தில் ‘சரி, பார்த்தாச்சு, போதும்’ என்று அதை நிறுத்தும் இடம் ஒன்று. எனக்கு மணி அடிக்கிறது, நிறுத்துகிறவர் தூங்குகிறார். செரட்டோனின் என்ற ரசாயனத்துக்கும் இதில் பங்கு இருக்கலாமாம், அதற்கு மாத்திரை. இதுதான் காரணம் என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது, வம்சத்திலும் கொஞ்சம் வரும் என்றார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இது புரியாதா? சென்சார் கெட்ட லிஃப்ட்டின் கதவு யாரும் ஏறாமலே திறந்து திறந்து மூடும், அதேதான். எந்த ஸ்க்ரூவைத் திருகணும் என்று கேட்டேன். சிரித்தார். என் பேச்சுக்கு ஒருத்தர் சிரித்து ரொம்ப நாளாச்சு அக்கா.

“முன்னாடியெல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரி பின்னாலிருந்து, “பூட்டியாச்சுங்க, நடங்க” என்பாள். அதோடு தீர்ந்தது. அந்தப் ‘போதும்’ வேலையை இத்தனை வருஷமும் என் மூளைக்கு வெளியே நின்று அவள்தான் பார்த்திருக்கிறாள். அவள் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். டாக்டர் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

வம்சம் என்றதும்தான் இந்தக் கடிதம். அப்பா நம்மைப் பஸ் ஸ்டாண்டில் பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டு, பூட்டை இழுத்துப் பார்க்க வீட்டுக்கு ஓடுவார், பஸ் போய்விடும், ஞாபகம் இருக்கா? நீயும் கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவுவாய், டம்ளர் தேஞ்சுபோச்சு என்று அத்தான் கேலி பண்ணுவார். இப்போதும் அப்படித்தானா? கட்டாயம் கேட்டு வரும்படி டாக்டர் உத்தரவு. உண்டு, இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அதற்காகக் கிளம்பி வந்துவிடாதே. அலைச்சல் உனக்கு ஆகாது, நானும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன்.

அத்தானின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் சண்டை சச்சரவில்லாமல் பல்லாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
மறை கழண்ட கேஸ் என்று நீ அன்றே கண்டுபிடித்த உன் தம்பி

பின்குறிப்பு: டாக்டர் உன்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அப்பாவைச் சொன்னதுமே எழுதி முடித்துவிட்டார். டம்ளரை எத்தனை தடவை வேண்டுமானாலும் கழுவிக்கோ, இங்கே வந்து கழுவு. எந்தப் பஸ்ஸில் வருவாய் என்று எனக்குத் தெரியாது, அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தாழ்ப்பாள் போட மாட்டேன். தள்ளினால் கதவு திறக்கும்.