ஐந்து பத்துக்குக் கண்மூடும் கமரா

சரியாக ஐந்து பத்துக்கு எங்கள் கமரா கண்ணை மூடிக்கொண்டது. நாலாவது நாளாக.

தோஹாவிலிருந்து அண்ணா அனுப்பிய கமரா. யார் கேற்றைத் தட்டினாலும் வீட்டிலிருப்பவர்களின் நெஞ்சும் சேர்ந்து தட்டுப்படுகிற காலம் இது. ஏழு மாதப் பிள்ளையுடன் பகலெல்லாம் தனியே இருக்கிற எனக்கு, திறக்கமுன் தட்டுகிற முகம் தெரியவேண்டும். றோட்டைப் பார்த்தால் நேவிக்காரர் கேள்வி கேட்பார்கள் என்று என் கணவர் ஞானசேகரம் அதைக் கேற்றுத்தூணில், புதுப்பெண் மாதிரித் தலைகுனிய வைத்துப் பூட்டியிருந்தார். படம் வயர் வழியாக விறாந்தையைத் தாண்டி எங்கள் ரீவிக்கு வரும்.

அவர் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. ஐந்து மணிக்கு வருவார். தேத்தண்ணி குடிப்பார். காற்று வாங்க வெளியே போவார். ஐந்து பத்துக்கு ரீவியில் படம் மறைந்து உப்பு மழை பெய்யும்.

"இஞ்சேருங்கோ! படம் போட்டுது!"

"பதறாதையும். நான் பாக்கிறன்."

அரைமணித்தியாலம் பார்ப்பார். பிறகு படம் வரும். அதன் பின்னால் திருகாணிச்சாவியோடு அவரும் வருவார், கப்பலைக் கரைசேர்த்த கப்டன் மாதிரி.

"என்ன பழுது?"

"உப்புக்காத்து."

அது முதல் நாள். இரண்டாம் நாள் நேவிக்கப்பலின் றேடார். மூன்றாம் நாள் எறும்பு.

"இண்டைக்கு?"

"காகம்."

"காகம் ஒவ்வொரு நாளும் மணிக்கூடு பாத்தே வாறது?"

"உமக்கு ரெக்னிக்கல் விசயம் விளங்காது."

கமராவோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அவர் பிரித்ததேயில்லை. கொன்வென்ற் சிஸ்டர்மார் எனக்குப் புகட்டிய ஆங்கிலம் சும்மாதானே கிடக்கிறது என்று நான் பிரித்தேன். முதல் வரி: வயர் இணைப்பு தளர்ந்துள்ளதா எனப் பார்க்கவும். மறுநாள் காலை தூணிலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இணைப்பு இறுக்கமாகவே இருந்தது. காற்றோ காகமோ அசைக்க ஏலாது.

அப்படியென்றால் கழற்றுவது ஒரு கை.

யாருடைய கை? எங்கள் கேற்றடியில், தினமும், ஒரே நேரத்தில்? பிள்ளையைத் தூக்கி இறுக்கி அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவளுடைய வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்து கண்ணில் பட்டது. விடுதியில் ஜாம் களவெடுக்கிற கையைப் பிடிக்க எங்கள் சிஸ்டர் போத்தல் மூடியில் அதைத்தான் பூசிவைப்பா. இணைப்பைச் சுற்றி நானும் பூசினேன்.

அன்று ஐந்து பத்துக்குப் படம் போனது. ஐந்து நாற்பதுக்கு வந்தது. அவரும் வந்தார். இரண்டு விரல்கள் ஊதா.

"விரலில என்ன?"

"ஒவ்வீஸ் மை."

"தேத்தண்ணி குடிக்கேக்க இல்லையே?"

"அது... காயக்காயத்தான் நிறம் தெரியிற மை."

பயம் இறங்கியது. அது இறங்கின இடத்தில் ஆவல் ஏறிக்கொண்டது. இந்த மனுசன் ஏன் தன் வீட்டுக் கமராவின் கண்ணைப் பொத்துகிறார்?

அடுத்த நாள் படம் போனதும் நான் கத்தவில்லை. குளியலறை யன்னலால் பார்த்தேன். மீன்காரர் அலியாரின் சைக்கிள் வந்து நின்றது. என் கணவர் ஒரு பாரைமீனைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பெண்பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. மீன் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ஸாலிஹா அக்காவிடம் போனது. பின்னாலேயே இவரும் போனார்.

பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை மீன் மச்சம் தொடமாட்டேன் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர் இவர்தான்! அவருக்காகக் குசினியிலும் மீன்சட்டி ஏறவில்லை. பால் கொடுக்கிற எனக்கும் ஏழு மாதமாகக் கத்தரிக்காய்.

அவர் வந்ததும் நான் அழுதேன். அரைவாசி உண்மையான அழுகை.

"கமரா பழுதில்லையப்பா. ஆரோ வந்து வயரைக் கழட்டுறாங்கள். எனக்குப் பயமாக் கிடக்கு. பொலிசில சொல்லுவமே?"

"பொ... பொலிசோ? அதெல்லாம் வேண்டாம்!"

"அப்ப நாளையிலயிருந்து ஐஞ்சு தொடக்கம் ஆறு வரைக்கும் கதிரை போட்டு நீங்களே கேற்றடியில காவல் இருங்கோ. கமராவுக்கு முன்னால. உங்களைப் படத்தில கண்டாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்."

ஊதா விரல்களால் கதிரையின் தூசியைத் தட்டினார்.

அடுத்த நாள் ஐந்து பத்து. கதிரையில் அவர். அலியார் மணியடித்தார். இவர் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டியது தலை மட்டும்தான். கண்கள் மீன்பெட்டியோடு உப்புவெளி றோட்டால் போய்விட்டன.

குசினிக் கதவு தட்டுப்பட்டது. ஸாலிஹா அக்கா, கையில் மூடிய தட்டோடு.

"தங்கச்சி, இண்டைக்குத் தம்பியக் காணல்ல. அவர் வருவார் எண்டு அலியார் காக்காக்கிட்ட நானே வாங்கிப் பொரிச்சிட்டன். என்ன செய்யிற இத?"

"தாங்கோ அக்கா, நான் குடுக்கிறன்."

தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருந்தேன். வெளியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சேரும், படம் எப்பிடி? தெளிவாத் தெரியுதே?"

முள்ளை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "ஓமப்பா, நல்ல தெளிவு. எழும்பிப்போடாதையுங்கோ, இன்னும் ரெண்டு துண்டு கிடக்கு."